பருத்திக்கு விட்ட அறை

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்திலேயே பருத்தி மொத்தமாக வெடித்துவிட்டது. வழக்கமாக அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெடிக்கும். மேட்டுப் பக்கம் இன்றைக்கு, பள்ளத்துப் பக்கம் நாலு நாள் கழித்து என்று எடுக்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கும். இந்த வருஷத்து வேக்காட்டில் அதற்கும் பொறுமை போய்விட்டது. கோட்டுச்சேரிக்கு மேற்கே எந்த வயலைப் பார்த்தாலும் வெள்ளை. எல்லார் வயலிலும் ஒன்றாக வெடித்ததால் எடுக்க ஆள் அகப்படவில்லை. முருகானந்தத்துக்கு அகப்பட்டது முத்தமிழ் ஒருத்திதான். அவளும் முருகானந்தமும் அவர் மனைவி அஞ்சுகமும் விடிந்ததும் வயலில் இறங்கினால், வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஏறுவார்கள். மறுபடி வெயில் தாழ்ந்ததும் இறங்குவார்கள்.

அவர்கள் மகள் சிவப்ரியா வீட்டில் உள்ளறையில் படுத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள். வயிறு இறங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு காலும் வீங்கி, கணுக்கால் எது பாதம் எது என்று தெரியாமல் ஒன்றாகிவிட்டன. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் வெயில் ஏற ஏறச் சுட்டன. அவளுக்கு இருந்த ஒரே சுகம் அந்த உள்ளறையும் அதில் மாட்டியிருந்த ஏசியும்தான்.

அந்த ஏசி வந்த கதை ஊருக்கே தெரியும். வளைகாப்பு அன்று பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, சிவப்ரியாவின் மாமியார் சௌந்தரவல்லி நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு பேச்சை ஆரம்பித்தாள்.

"சம்மந்தி, பொண்ணை அனுப்புறது மொறை, அனுப்புறேன். ஆனா டாக்டரம்மா என்ன சொன்னாங்க, பிரஷர் இருக்கு, சூடு ஆகாதுன்னாங்க. எங்க வீட்டுல ஏசியில படுத்த புள்ள. ஒங்க வீட்டுல எப்படி?"

"போட்டுடுறோம் சம்மந்தி," என்றார் முருகானந்தம்.

"போட்டுடுறோம்னு சொல்லாதீங்க. போட்டுட்டுச் சொல்லுங்க. அன்னைக்கே கூட்டியாந்து விடுறேன்."

சௌந்தரவல்லி சொன்ன சொல் மாறமாட்டாள். ஏசி மாட்டிய மறுநாளே தருமபுரத்திலிருந்து ஆட்டோ வைத்து, மருமகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். போகும்போது அறைக்குள் நின்று கையை மேலே தூக்கி, காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அதுவரை அந்த அறை நெல்லுக்கும் பருத்திக்கும் உரியது. வீட்டிலேயே தரையில் ஈரம், ஓதம் ஏறாத இடம் அது ஒன்றுதான். மகளுக்காக மூட்டைகளைக் காலிசெய்து, சுவருக்கு வெள்ளையடித்து, கட்டில் போட்டார்கள். இந்த வருஷப் பருத்தியை எங்கே வைப்பது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அந்த ஏசிக்கும், வரப்போகிற பிரசவச் செலவுக்கும் அந்தப் பருத்திதான் ஜவாப் சொல்லவேண்டும் என்பது மட்டும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் இடி பெரிதாக இடித்து, மழை சின்னதாகப் பெய்தது. மண்ணை நனைக்கக்கூடப் போதாது. ஆனால் வெடித்து நின்ற பருத்தி முழுக்க அதைக் குடித்துவிட்டது. மறுநாள் காலையில் வானம் மூடியே இருந்தது. கடல்காற்றும் வரவில்லை. இலை அசையாத புழுக்கம். அன்றைக்குச் சாயங்காலம் பெரிய மழை உண்டு என்று முருகானந்தம் சொன்னார். சொல்லாவிட்டாலும் உடம்புக்கே தெரிந்தது.

உச்சி நேரத்தில் மூன்று பேரும் சாக்குகளைச் சுமந்துகொண்டு வந்து கூடத்தில் இறக்கினார்கள். சிவப்ரியா சத்தம் கேட்டு எழுந்து வந்து கதவோரம் நின்றாள். அவளோடு உள்ளறையின் குளிர்ச்சியும் கொஞ்சம் வெளியே வந்தது. முத்தமிழ் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குளிர்ச்சிக்கு முகத்தைக் கொடுத்தாள்.

"அப்படியே நில்லுடி தாயி. கதவைச் சாத்திப்புடாத. செத்த நேரம் சொர்க்கத்தைப் பாத்துக்கிறேன்."

அஞ்சுகம் சாக்கின் வாயைப் பிரித்துப் பருத்தியைப் பிழிந்து பார்த்தாள். தண்ணீர் சொட்டவில்லை. ஆனால் கை ஈரமானது. இப்படியே சாக்கில் கிடந்தால் பழுப்பேறிவிடும். ஏலத்தில் வியாபாரி சாக்குக்குள் கையை விட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்வான். கூடத்தில் பரப்ப இடமில்லை. அங்கே பீரோ, டிவி, முருகானந்தத்தின் கட்டில், நேற்று எடுத்த பருத்தி எல்லாம் ஏற்கெனவே கிடந்தன. வாசலில் பரப்பினால் எந்த நிமிஷம் மழை வருமோ தெரியாது.

அஞ்சுகம் உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே கட்டில் கம்பியில் சிவப்ரியாவின் உள்பாவாடை தொங்கியது. மழையில் நனைந்து கொல்லைக் கொடியில் ராத்திரி முழுக்கக் காயாமல் நாறிக்கொண்டிருந்ததை விடியற்காலையில் அஞ்சுகம்தான் கொண்டுவந்து போட்டிருந்தாள். தொட்டுப் பார்த்தாள். அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

"ஏங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "ஏசி காத்து ஈரத்தை இழுத்துடுதுங்க. இங்க பாருங்க, பாவாடை."

முருகானந்தம் பாவாடையைப் பார்த்தார். பிறகு பருத்தியைப் பார்த்தார். பிறகு, "ஏய், புள்ளைக்குப் போட்டது அது," என்றார்.

"நான் என்ன இப்ப புள்ளையைத் தூக்கி வெளில போடுன்னா சொன்னேன்?"

"வேற என்ன சொன்ன?"

அஞ்சுகம் மகளைப் பார்க்கவில்லை. சாக்கின் வாயைத் திரும்பச் சுருட்டினாள். அப்புறம் விரித்தாள்.

'எடுத்துக்கம்மா' என்று உடனே சொல்லியிருக்கலாம். சிவப்ரியாவின் வாய் திறக்கவில்லை. அந்தக் குளிர்ச்சி முதுகில் இருந்தது, கூடத்து வெக்கை நெஞ்சில் இருந்தது. நடுவில் நின்றுகொண்டு அவள் கொஞ்ச நேரம் தன் காலைப் பார்த்தாள். வயிறு மறைத்ததால் கால் தெரியவில்லை.

"உள்ள பரப்பிக்கம்மா," என்றாள் கடைசியில். "நான் கூடத்துல உக்காந்துக்குறேன். சாயந்தரம்வரைக்கும்தானே."

"செத்த நேரம்மா. ஈரம் இழுத்ததும் எடுத்துடுறேன்," என்றாள் அஞ்சுகம். அதைச் சொல்லும்போதே ஒரு சாக்கைப் பாதி தூரம் இழுத்துவிட்டிருந்தாள்.

கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். தரையில் பாயை விரித்துப் பருத்தியைக் கொட்டினார்கள். நேற்று எடுத்ததையும் அள்ளிக்கொண்டு வந்து அதன்மேலேயே கொட்டினார்கள். முழங்கால் உயரம் வந்துவிட்டது. ஜன்னலை இறுக்கிச் சாத்தி, ஏசியை இன்னும் இரண்டு புள்ளி குறைத்து வைத்துவிட்டுக் கதவை மூடினாள் அஞ்சுகம்.

முத்தமிழ் சிரித்துச் சிரித்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "பருத்திக்கு ஏசியாம்டி! அடுத்த பொறப்புலயாச்சும் நான் பருத்தியா பொறக்குறேன் சாமி. ஏ அஞ்சுகம், போர்வை ஒண்ணு போத்திவிடு, குளிரப்போவுது."

"வாயை மூடிக்கிட்டுக் கஞ்சியைக் குடி," என்றாள் அஞ்சுகம். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பில்லை.

கஞ்சியைக் குடித்துவிட்டு முருகானந்தமும் முத்தமிழும் மறுபடி வயலுக்குப் போனார்கள். பள்ளத்துப் பக்கம் முழுக்க இன்னும் செடியிலேயே நின்றது. அஞ்சுகம் மகளுக்குச் சோறு போட்டுவிட்டுப் போவதாகப் பின்தங்கினாள்.

சிவப்ரியா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மின்விசிறி வெந்நீரைத்தான் வாரி இறைத்தது. கழுத்து, மார்பு, முழங்கைமடிப்பு எல்லாம் ஒட்டியது. ரவிக்கைக் கொக்கியைத் தளர்த்திவிட்டு முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். சோற்றைப் பிசைந்தாள், உள்ளே போகவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை ஓர் ஓரமாகத் திரண்டு மேட்டைப்போல நின்றது. அதற்கும் புழுக்கமோ என்னவோ. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டே தூங்கிப் பழகியிருந்த கண் அரைகுறையாக மூடி மூடித் திறந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. மாமியார்.

"பிரியா, எப்படி இருக்க? நுங்கு வாங்கி வச்சிருக்கேன். சாயந்தரமா ஆட்டோவுல எடுத்துக்கிட்டு வர்றேன். ஒம்புருஷன் நவநீதன் மெட்ராசுலேருந்து நேத்து போன் பண்ணி, போய்ப் பாத்துட்டு வாம்மாங்குறான். கால் வீக்கம் எறங்கிருக்கா?"

"பரவால்ல அத்தை."

"ஏசி ஓடுதா?"

"ஓடுது அத்தை," என்றாள் சிவப்ரியா. பொய்யில்லை.

சிவப்ரியா போனை வைத்து, மாமியார் சாயங்காலம் வருவதைச் சொன்னதும் அஞ்சுகம் எழுந்தாள். கதவைத் திறந்து உள்ளே போனாள். மேலாகப் பருத்தியைத் தடவினாள். மேல் பஞ்சு சிலிர்த்து உலர்ந்திருந்தது. "காஞ்சுக்கிட்டுத்தான் வருது," என்றாள். "அவங்க வர்றதுக்குள்ள ஆயிடும். வந்துட்டாங்கன்னா, நீ கட்டில்ல படுத்துக்க, நான் சாக்கையெல்லாம் கொல்லையில..." பேச்சை முடிக்கவில்லை. கட்டில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"விடும்மா. பாத்துக்கலாம்."

"என்ன பாத்துக்கலாம்? இதைப் பாத்தா ஒன்னைக் கையோட கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. மொதப் புள்ளையை மாமியா வீட்டுல பெத்தா ஊர் என்னைய என்ன சொல்லும்? ஒனக்கு எண்ணெய் தேச்சு, மருந்து அரைச்சுக் குடுக்க எங்கையி இருக்கையில, நீ தருமபுரத்துல போயிக் கெடப்பியா?"

அம்மா அவ்வளவு நீளமாகப் பேசுகிறவளில்லை. சிவப்ரியாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. களைப்பில் அதுவும் வரவில்லை.

மேற்கே கருத்துக்கொண்டே வந்தது. வெளிச்சம் மஞ்சளாகி, அப்புறம் சாம்பலாகி, வீட்டுக்குள் விளக்குப் போடவேண்டி வந்தது. முதல் இடி தொலைவில் உருண்டது. இரண்டாவது இடி ஊருக்குள் வந்து விழுந்தது. உடனே கரண்டு போயிற்று. கோடையில் இடி இடித்தால் கரண்டை நிறுத்திவிடுவார்கள், அது வழக்கம்தான். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கத்துச் சத்தமும் நின்றது.

அஞ்சுகம் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓட வாசலில் இறங்கினாள். "இரும்மா," என்றாள் சிவப்ரியா. என்னவோ தோன்றி, கதவைத் திறந்து இருட்டில் உள்ளே போனாள். குளிர்ச்சி அதற்குள் செத்துப்போயிருந்தது. மூடிக் கிடந்த அறையில் ஈரச் சாக்கின் வாடை மூக்கில் ஏறியது. பக்கவாட்டில் உட்கார்ந்து, குவியலுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டாள்.

சுட்டது. காய்ச்சல்காரக் குழந்தையின் வயிற்றைத் தொட்டதுபோல உள்ளே வெதுவெதுவென்று வெந்துகொண்டிருந்தது. மேலேதான் காய்ந்திருந்தது. ஏசி காற்று மேல் பஞ்சைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அடியில் இருந்த ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே புழுங்கியிருக்கிறது.

"அம்மா, இது அவியுதும்மா!"

அஞ்சுகம் தார்ப்பாயைப் போட்டுவிட்டு வந்தாள். கையை விட்டுப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள், தூசியும் சாரலுமாகக் காற்று உள்ளே மோதியது. உடனே சாத்தினாள். "கூடத்துக்கு அள்ளு. இல்ல இல்ல, நீ குனியாத. நீ அப்பால போ," என்றாள். ஆனால் ஒரு ஆளால் ஆகிற வேலையில்லை அது. சிவப்ரியா உட்கார்ந்தபடியே புடவை முந்தானையில் அள்ளிக் கொடுத்தாள், அஞ்சுகம் வாங்கிக்கொண்டுபோய்ப் பரப்பினாள். கட்டிலின்மேல், டிவியின்மேல், பீரோவுக்கு அடியில், சமையற்கட்டு மேடையில், எங்கே ஒரு சாண் இடம் இருந்ததோ அங்கே எல்லாம். பிரிக்கப் பிரிக்கப் பஞ்சிலிருந்து ஆவி வந்தது. சிவப்ரியாவின் வளையல் ஒவ்வொன்றிலும் பஞ்சு சுற்றிக்கொண்டது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல இருந்தது.

மழை ஊற்றத் தொடங்கியபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

சௌந்தரவல்லி நுங்குப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு படியேறி உள்ளே வந்தாள். கால் வைக்க இடமில்லாமல் நிலைப்படியிலேயே நின்றாள். ஒரு மின்னல் வெட்டியது. அந்த வெளிச்சத்தில் கூடம் முழுக்க வெள்ளையாகவும், அதன் நடுவில் தலையெல்லாம் பஞ்சோடு மருமகள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"என்ன சம்மந்தி இது?"

"வாங்க சம்மந்தி, வாங்க. உக்காருங்க," என்றாள் அஞ்சுகம். உட்கார இடமில்லை. நாற்காலியில் கிடந்த பருத்தியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள்.

சௌந்தரவல்லி நாற்காலியில் உட்கார்ந்து உள்ளறையை எட்டிப் பார்த்தாள். நிமிர்த்தி வைத்த கட்டிலைப் பார்த்தாள். மிச்சமிருந்த குவியலைப் பார்த்தாள்.

"ஏசி யாருக்குப் போட்டீங்க? பருத்திக்கு எத்தனாவது மாசம்?"

அஞ்சுகம் தலையைக் குனிந்துகொண்டாள். சிவப்ரியாவுக்கு அம்மாவைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான் அத்தை பரப்பச் சொன்னேன்."

"நீ சொல்லுவ. ஒனக்கென்ன, சொல்லுறதுக்கு வாய் இருக்கு. காலைக் காட்டு." சௌந்தரவல்லி செல்போன் விளக்கைப் போட்டு மருமகளின் காலில் கட்டைவிரலை அழுத்தினாள். அழுத்திய குழி எழும்பவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பேசியபோது குரலில் ஏளனம் இல்லை. "எனக்கு ஒங்கமேல கோவம் இல்ல சம்மந்தி. பயமா இருக்கு. எந்தங்கச்சியை இப்படித்தான், பிரஷர் ஏறி, எட்டாம் மாசத்துல பறிகொடுத்தோம். ஏதோ ஏசி ஏசின்னு நான் பவிசுக்குக் கேக்குறேன்னு நெனைச்சுக்கிட்டீங்க."

"அய்யோ, அப்படியெல்லாம் நெனைக்கல சம்மந்தி. நாளைக்கே காலி பண்ணிடுறேன். ஒரு நாள் பொறுத்துக்குங்க."

அப்போது முருகானந்தம் வந்தார். தலையில் ஒரு பருத்திச் சாக்கு, அதன்மேல் மழைக்கு உரச்சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி. சாக்கிலிருந்து தண்ணீர் அவர் முதுகில் வழிந்தது. சம்மந்தியைக் கண்டதும் வாசலிலேயே மழையில் நின்றுவிட்டார்.

"வாங்க சம்மந்தி," என்றார் வாசலிலிருந்தே.

"நீங்க மொதல்ல உள்ள வாங்க. மழையில நின்னுக்கிட்டு என்னை வாங்கங்குறீங்க."

உள்ளே வந்து சாக்கை இறக்கினார். "முத்தமிழை வீட்டுக்கு அனுப்பிட்டேன். பள்ளத்துப் பக்கம் போச்சு," என்றார் பொதுவாக. "தொங்குது எல்லாம், நார் நாரா. கரண்டும் இப்ப வராது, வேப்பமரம் லைன் மேல சாஞ்சு கெடக்கு." துண்டைப் பிழிந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி பிழிந்தார்.

சௌந்தரவல்லி வாசலில் நின்ற ஆட்டோவை எட்டிப் பார்த்தாள்.

"எங்க தெருவுல கரண்டு போனாலும் இன்வெர்ட்டர் இருக்கு. ஃபேனாச்சும் ஓடும்," என்றாள் சௌந்தரவல்லி. "ஆட்டோவை நிக்கத்தான் சொல்லிருக்கேன். கெளம்பு பிரியா."

அஞ்சுகம் மகளைப் பார்த்தாள். இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சிவப்ரியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இப்போது எடுப்பது முதல் எடுப்பு. இன்னும் பூவும் பிஞ்சுமாகச் செடி நிறைய இருக்கிறது. ஆனி வரைக்கும் எடுப்பு இருக்கும், மழையும் இருக்கும். தான் இங்கே இருக்கும்வரை ஒவ்வொரு தடவையும் அம்மா இப்படித்தான் கதவுக்கு முன்னால் சாக்கின் வாயைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டு நிற்பாள். ஆகவே போவதுதான் சரி. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் அவள் போடுவதற்கு முன்பே, ஃபேன் ஓடும் என்ற சொல்லைக் கேட்டதுமே உடம்பு எழுந்துவிட்டிருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது. பருத்திக்காகப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்ல நாக்கு வரவில்லை.

"நான் போறேம்மா," என்றாள். "தூக்கம் வருது."

அஞ்சுகம் தலையாட்டினாள். பை எடுத்து வந்து துணிகளை மடித்து வைத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டு, மாத்திரை, காய்ந்த உள்பாவாடை. மகளைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததைக் கீழே போடாமல் பருத்தியோடு சேர்த்துப் போட்டாள்.

"வலி கண்டா ஒடனே போன் பண்ணு. எந்நேரமானாலும் வந்துடுவேன்."

"ம்."

"மருந்து அரைச்சு எடுத்துக்கிட்டு நான் அங்க வரலாமா சம்மந்தி?"

"கேக்கணுமா? வந்து தங்குங்க," என்றாள் சௌந்தரவல்லி. "பருத்தியைக் கூட்டியாராதீங்க, அவ்வளவுதான்." முருகானந்தம் லேசாகச் சிரித்தார். அஞ்சுகம் நுங்குப் பையை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ கிளம்பியபோது மழை ஓய்ந்து தூறலாகியிருந்தது. சாலையெங்கும் முருங்கைக் கிளையும் வேப்பங்கொத்தும் முறிந்து கிடந்தன. கோட்டுச்சேரிக் கடைத்தெருவைத் தாண்டியதும் கடல் பக்கமிருந்து காற்று வந்தது. குளிர்ந்த காற்று. அந்தக் கோடையில் முதல்முதலாகக் குளிர்ந்த காற்று. சிவப்ரியாவுக்குக் கை ரோமம் சிலிர்த்தது. இந்தக் காற்று அங்கேயும்தான் வீசும், ஜன்னலைத் திறந்துவிட்டால் அம்மா வீட்டுக் கூடத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கலாம். வண்டியைத் திருப்பச் சொல்லலாமா என்று திரும்பினாள். மாமியார் அவள் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு விடிந்தால் மறுபடி வேகத்தானே போகிறது என்று சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள்.

தருமபுரத்தில் குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது போன் வந்தது.

"கரண்டு வந்துட்டும்மா," என்றாள் அஞ்சுகம். "ஆள் வந்து மரத்தை வெட்டிவிட்டாங்க. பாதியை மெல்லிசா உள்ள பரப்பி ஏசி போட்டுருக்கேன். மீதி கூடத்துல ஃபேனுக்கு அடியில கெடக்கு. சூடு அடங்கிட்டு. பழுப்பு ஒண்ணும் தெரியல இதுவரைக்கும்."

"அப்பா?"

"சாப்புட்டுப் படுத்துட்டாரு. கூடத்துல எடமில்லை, கோயில் மண்டபத்துக்குப் போயிட்டாரு."

"நீ எங்க இருக்க?"

"உள்ளதான். பெரட்டிப் பெரட்டி விடணும்ல. கட்டிலை எறக்கிப் போட்டு, அதுல உக்காந்துருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஜில்லுன்னு இருக்குடி."

"படுத்துக்கம்மா செத்த நேரம்."

"படுத்தா யாரு பெரட்டுறது?"

"படும்மா. நான் எழுப்பிவிடுறேன், போன் பண்ணி."

அஞ்சுகம் ஏதோ சொன்னாள், பள்ளத்துப் பக்கத்தைப் பற்றி, நாளைக்கு முத்தமிழுக்கு ஆள் அனுப்பவேண்டியதைப் பற்றி. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் ஏசியின் சத்தம் மட்டும் வந்தது, அதற்கு அடியில் மெல்லிய குறட்டை. சிவப்ரியா போனை அணைக்காமல் தலையணையில் வைத்துக்கொண்டு, எப்போது எழுப்புவது என்று யோசித்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.